அறைக்குள் பேசியது

நடுவர் மன்ற உறுப்பினராகப் பதவியேற்ற அன்று நானும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் உறுதிமொழி எடுத்தோம். அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. கிள்ளான் பக்கம் பண்டமாரானில் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையின் சங்கச் செயலாளராக இருந்தேன். கூட்டங்களில் பழகிய பழக்கம். என் கணவர் தவறியபோது, கதறிக்கொண்டிருந்த என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஆக வேண்டிய காரியத்தையெல்லாம் எடுத்துச் செய்தவர் அவர்தான். அதிலிருந்து எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி.

வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களின் புகார்களை எங்கள் மன்றம் விசாரிக்கும். தலைவராக ஒரு பெண் வழக்கறிஞர், கூட நாங்கள் இரண்டு பேர். விசாரிக்கும் வழக்கைப் பற்றி வெளியில் பேசக் கூடாது, எந்தத் தரப்போடும் தனியாக உட்காரக் கூடாது, வேண்டியவர்கள் யாராவது வழக்கில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் விளக்கியபோது அண்ணன் என் காதில், "இதெல்லாம் சொல்லியா தரணும்?" என்று சிரித்தார்.

கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்த பெண்ணின் வழக்கு எங்களிடம் வந்தது. முப்பது வயதிருக்கும். சூப்பர்வைசரை அறைந்துவிட்டாள் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவன்தான் முதலில் தன் மேல் கைவைத்தான் என்றாள் அவள். அதை எங்கள் முன்னால் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் கேட்டாள். கூட வேலை பார்த்த ஒருத்தி பயந்து பயந்து சாட்சி சொன்னாள். சூப்பர்வைசரோ, தான் மெஷின் பக்கத்தில் நின்று வேலையைத்தான் கவனித்ததாகச் சொன்னான்.

இடைவேளையில் உறுப்பினர் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். போன் வந்ததென்று தலைவர் வெளியே போயிருந்தார்.

"அண்ணே, அந்த மெஷின் ஓடும்போது அவ்வளவு கிட்டத்துல யாரையும் நிக்க விடமாட்டாங்க. அவன் அங்க எதுக்குப் போனான்? அடுத்த தடவை இதைத்தான் கேக்கப்போறேன்" என்றேன்.

"நல்ல கேள்விமா. கேளு" என்றார் அண்ணன்.

அடுத்த விசாரணையில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கம்பெனி வழக்கறிஞர் எழுந்தார். சூப்பர்வைசரிடம், "அன்று மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா?" என்று கேட்டார். "இல்லை, பழுதாகி நின்றிருந்தது. அதைப் பார்க்கத்தான் கிட்டே போனேன்" என்றான் அவன். முதல் நாள் பழுது என்ற பேச்சே அவன் வாயில் வரவில்லை. வழக்கறிஞர் என் பக்கம் திரும்பி, "உறுப்பினருக்கு இதில் சந்தேகம் இருக்கலாம் என்பதால் கேட்டேன்" என்றார்.

அந்தச் சந்தேகத்தை நான் அண்ணனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அண்ணன் எதிரே இருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, அந்த லாயர்கிட்ட பேசினீங்களா?"

"என்னமா இப்படிக் கேக்கற?"

"பேசினீங்களா இல்லையா?"

கார் சாவியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார். "பிரிக்ஃபீல்ட்ஸ்ல சாப்பிடப் போனேன். அவரும் அங்க இருந்தாரு. ரொம்ப நாள் பழக்கம் லா. ஒண்ணா உட்கார்ந்தோம். பேச்சுவாக்குல வந்துருச்சு."

"பழக்கம்னு மன்றத்துல ஏன் சொல்லலை?"

"என் மகளை அவரு ஆபீஸ்லதான் பயிற்சிக்குச் சேர்த்திருக்கேன். சொன்னா வழக்கை விட்டு எடுத்துடுவாங்க. விடும்மா, தீர்ப்பு எழுதப்போறது தலைவர்தானே. பெரிசுபடுத்தாதே."

அவர் மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். மறுத்திருந்தால் நம்பியும் இருப்பேன். எத்தனையோ முதலாளிகள் முன்னால் மேசையைத் தட்டிப் பேசிய மனிதர், இவ்வளவு லேசாக "விடும்மா" என்றதுதான் என்னை உடைத்துவிட்டது. அந்தப் பெண் தண்ணீர் கேட்டுக் கேட்டுச் சொன்னதை இவரும்தானே கேட்டார்?

மறுநாள் காலையில் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உள்ளே பேசினது வெளிய போயிருச்சு. இனி நம்ம மூணு பேருமே இந்த வழக்கைக் கேக்க முடியாது. புது ஆட்கள் முதலிலிருந்து விசாரிக்கணும்" என்றார். நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. அண்ணனை மட்டும் எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். விசாரணைக்குழு கலைக்கப்பட்டது. காரணத்தை வெளியே சொல்லக் கூடாது என்று எங்களுக்குத் தனியாகச் சொன்னார்கள்.

அண்ணன் உடல்நிலை சரியில்லை என்று விலகிக்கொண்டார். பழைய சங்க நண்பர்கள் அவருக்குக் கிள்ளானில் விருந்து வைத்தார்கள். எனக்கு அழைப்பில்லை. "கூடப் பிறக்காத தங்கச்சின்னு நினைச்சேன், என் மகள் பிழைப்புல கைவச்சிட்டா" என்று அங்கே சொன்னாராம். சங்கத்தில் என்னோடு இருந்த தோழி ஒருத்தி போன் செய்து, "அவர் செஞ்சதெல்லாம் மறந்துட்டியா?" என்றாள். அவளுக்கும் நான் காரணம் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து, தீபாவளி நெருக்கத்தில், கிள்ளான் கடைத்தெருவில், புகார் கொடுத்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். என்னை அடையாளம் கண்டு வெளியே வந்தாள்.

"வழக்கு என்னாச்சும்மா?" என்றேன்.

"வாபஸ் வாங்கிட்டேன் அக்கா. புது ஆளுங்க முன்னாடி எல்லாத்தையும் மறுபடி சொல்லுன்னாங்க. ஒரு தடவை சொன்னதுக்கே எனக்கு உயிர் போயிருச்சு. சாட்சி சொன்ன பொண்ணும் ஜொகூருக்குப் போயிட்டா, இனிமே வரமாட்டாளாம்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "ஏன்க்கா கலைச்சாங்க? நீங்க நம்புனீங்கதானே என்னை? உங்க முகத்துலயே தெரிஞ்சுச்சு."

"அதைப் பத்தி நான் பேசக் கூடாதும்மா" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும், ஆனா சொல்லமாட்டீங்க."

கடைக்குள் எதையோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அப்ப நீங்களும் அவங்க ஆளுதான்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற வாடிக்கையாளரை, "வாங்கக்கா, உள்ள பாருங்க" என்று அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணனின் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. அன்று அந்தக் கடைத்தெருவிலேயே நின்று அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை.