பரளச்சிக் கண்மாயில் ஒரு உதை

பரளச்சி அருகே பஸ் பஞ்சராகி நிற்கிறது. இறங்கி நடக்கிறேன். நீரில்லாத கண்மாய்க்குள், சாயங்கால வெயிலில் மிதக்கும் புழுதிக்கு நடுவே, ஒரு பெண் தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். கரையில் நிற்கும் ஒரு அம்மாவிடம் அவள் யாரென்று கேட்கிறேன்.

"எம் மகதான். இந்தியா ஃபுட்பால் டீமுல நடுவுல நின்னு ஆடுவா. வெளிநாட்டு மேட்ச்சுல முட்டி பெசகி, ஆபரேசன் ஆகிப்போச்சு. இன்னைக்குத்தான் மொதமொதல்ல ஓங்கி அடிக்கப் போறா."

"மறுபடி ஆடிருவாங்களா?"

"தெரியலயேம்மா. கேம்ப்புக்குக் கூப்புட்டிருக்காக."

மகள் பின்வாங்கி, ஓடிவந்து உதைக்கிறாள். பந்து கருவேல மரங்களுக்கு மேலே எழுந்து, கனவில் போவதுபோல மெல்லப் போகிறது. அம்மா பந்தைப் பார்க்கவில்லை. மகளின் காலையே பார்க்கிறார்.

மகள் குனிந்து முட்டியைத் தடவிப் பார்க்கிறாள். பிறகு நிமிர்ந்து கத்துகிறாள்:

"யம்மா, வலிக்கலம்மா!"

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பந்தை எடுத்துவர முட்காட்டை நோக்கி ஓடுகிறார்.