இரண்டு வாய் கார்பரேட்டர்

தேயிலை விலை விழுந்த வருடங்களில் எங்கள் எஸ்டேட்டில் நிர்வாகம் என்றால் எதையாவது நிறுத்துவது. முதலில் உரம் நின்றது. பிறகு கம்பவுண்டர் நின்றார். அடுத்தது இலை லாரியின் முறை. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், என் சர்வீஸைவிட மூத்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர் தேய்ந்து காற்று கசிந்ததால் மேட்டில் நின்று நின்று ஏறியது.

புது கார்பரேட்டர் போடச் சொன்னார் மேனேஜர். திங்கட்கிழமை முழு லோடு இலையோடு ஃபேக்டரி மேட்டை நிற்காமல் ஏறினால் லாரி இருக்கும். இல்லையென்றால் அதை விற்றுவிட்டு வாடகை வண்டி. லாரி போனால் டிரைவரின் வேலை போகும், வேலையோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும். இலங்கையிலிருந்து வந்தவர், போக வேறு ஊர் கிடையாது.

வாங்க வேண்டியவன் நான், தலைமைக் கிளார்க். டிரைவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, இருந்த மாதிரியே ஒத்தை வாய் உள்ளதா வாங்குங்க. ஊட்டியில பழைய சாமான் கடையில நல்லதா ஒண்ணு கெடக்கு. பெட்ரோல் வர்ற துளை, அந்த ஜெட்டை மட்டும் சின்னதா மாத்தணும். மலையில காத்து கம்மி, பெட்ரோலும் கம்மியாத்தான் போகணும்."

"பில் தருவானா?"

"பில்லு தரமாட்டான். கார்பரேட்டர் தருவான்."

பில் இல்லாத பொருள் என் பதிவேட்டில் பிறக்கவே முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பட்டறை மேட்டுப்பாளையத்தில் இருந்தது. சனிக்கிழமை அங்கே போனோம். பட்டறைக்காரர் இரண்டு வாய் உள்ள பெரிய ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஏனுங்க, இதப் போட்டா வண்டி பறக்குமுங்க."

சமவெளிச் சாலையில் உண்மையாகவே பறந்தது. சோதனைச் சான்றிதழில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். திரும்பி வரும்போது, பாதி மலையில், காலி லாரி கறுப்புப் புகை கக்கி இருமத் தொடங்கியது.

"புதுச் சாமான், பழகட்டும்" என்றேன்.

"பழகறதுக்கு இது மருமகள் இல்லீங்களே ஐயா" என்றார் டிரைவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி வந்தார். ஊட்டிக் கடைக்காரனிடம் பேசிவிட்டாராம். தன் கையாலேயே மாட்டிவிடுவாராம், இரண்டு மணி நேரம் போதுமாம். பட்டறை ஆளைத் தவிர வேறு யார் கழற்றினாலும் கேரண்டி போய்விடும் என்று விளக்கினேன். கேரண்டி அட்டையில் அந்த வரியை எடுத்தும் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை லாரி மேட்டில் மூன்று முறை நின்றது. மூன்றாவது முறை பெண்கள் இலை மூட்டைகளை இறக்கித் தலையில் வைத்து ஃபேக்டரிக்கு நடந்தார்கள். மேனேஜர் அறிக்கை கேட்டார். பொருத்தியது தவறான அளவு என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆனால் அதை வாங்கிய பில்லில் இருந்தது என் கையெழுத்து. "எஞ்சின் ஆயுள் முடிந்தது" என்று எழுதினேன். இணைப்பாகச் சோதனைச் சான்றிதழ். கோப்பில் ஒரு காகிதம்கூடக் குறையவில்லை.

மாதக் கடைசியில் டிரைவர் ஒப்படைக்க வந்தார். ஜாக்கி, ஸ்பேனர், தார்ப்பாய், லயத்து வீட்டுச் சாவி. ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டேன்.

"பழைய கார்பரேட்டர் சீட்டுக்கு அடியில இருக்கு" என்றார். "அதையும் எழுதிக்குங்க ஐயா. அப்புறம் நான் தூக்கிட்டுப் போயிட்டேன்னு ஆயிரும்."

எழுதிக்கொண்டேன்.