‘இல்லை’ என்றதைக் கேட்டவன்

நான் கட்டியதை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் வேறு யாராவது வந்து நான்தான் கட்டினேன் என்று சொல்லக் கூடாது பாருங்கள்.

பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்து மணலில் மீன் ஏலக் கொட்டகை போட்டேன். மாநகராட்சிக்காரர்கள் மூன்று தரம் இடித்தார்கள். நாலாவது தரம் இரும்புத் தூண் நட்டேன், இன்றைக்கும் நிற்கிறது. மீன் விற்கிற பொம்பளைகள் வெயிலில் குந்தியிருக்கக் கூடாது என்று சிமெண்ட் மேடையும் கூரையும் வாங்கித் தந்தேன். ஐஸ் பெட்டிக்குக் கரண்டு இழுக்க எத்தனை ஆபீஸ் படி ஏறினேன் என்று என் முட்டிக்குத்தான் தெரியும். மூன்று பெண்களைப் படிக்க வைத்தேன், ஒருத்தி நர்ஸ். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் அப்பாவோடு கட்டுமரத்தில்.

கடைசியாக, டெல்லி மேல்சபைக்கு ஒரு எம்.பி.யை உண்டாக்கினேன். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அவர் ஆழ்வார்பேட்டையில் ஆபீஸ் வைத்திருந்த வக்கீல். கொட்டகையை இரண்டாம் தரம் இடித்த அன்று, மீன் வாடை போகாத கைலியோடு அவர் ஆபீசுக்குள் நுழைந்தேன். காத்திருந்த பெரிய மனிதர்கள் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். அவர் மட்டும் எதிர் நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க ஏலக்காரரே” என்றார். தடை உத்தரவு வாங்கித் தந்தார். அதையும் மீறி ஒரு தரம் இடித்தார்கள், அது வேறு கதை. மேல்சபைக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை, எம்.எல்.ஏ.க்கள்தான் போடுகிறார்கள். கட்சி யார் பேரைச் சொல்கிறதோ அவர்தான். அந்தச் சமயம் குப்பத்து ஜனத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்சி ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தவன் நான். “கரைக்கு ஒரு வக்கீல் வேணும், அது இவர்தான்” என்று தலைமையிடமே சொன்னேன். பேர் அறிவித்தார்கள். இரண்டு முறை, ஆக மொத்தம் பன்னிரண்டு வருஷம், மேல்சபையில் இருந்தார்.

அவர் போன வருஷம் காலமானார். இப்போது அவர் வீட்டுக்காரர்களும் ஜூனியர் வக்கீல்களும் சேர்ந்து நினைவுப் புத்தகம் போடுகிறார்கள். தொகுக்கிறவர் நந்தனத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் எடுக்கிற அம்மா. பதமான மனுஷி. என் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு ஒரு அட்டவணையைப் படித்துக் காட்டினார். எம்.பி. எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்ற கணக்கு. பிள்ளைகள் படிப்பு மசோதா, ஆதரவு. நடைபாதைக் கடைக்காரர்கள் மசோதா, ஆதரவு, ஒரு திருத்தமும் கொடுத்திருக்கிறார். தொழிலாளர் மசோதா, வெளிநடப்பு. அப்புறம் கரையோர மசோதா. அந்தம்மா குரலைத் தாழ்த்திப் படித்தார்.

“குரல் வாக்கெடுப்பு. தனிப்பதிவு இல்லை. கட்சி முடிவின்படி ஆதரித்ததாகக் கொள்ளலாம்.”

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

கரையோர மசோதா என்றால் எங்கள் கழுத்து. தண்ணீரிலிருந்து இத்தனை அடிக்குள் யாரும் பெரிய கட்டடம் கட்டக் கூடாது என்று இருந்த எல்லைக் கோட்டை, கடல் பக்கம் இழுத்துக்கொண்டு வந்த மசோதா அது. கோடு நகர்ந்தால் ஓட்டல் வரும். ஓட்டல் வந்தால் படகு எங்கே ஏறும், வலை எங்கே காயும்? அவர் கட்சி மசோதாவை ஆதரிப்பது என்று முடிவு செய்து கொறடா உத்தரவும் போட்டுவிட்டது. மீறினால் எம்.பி. பதவியே போய்விடும்.

அப்போதுதான் ஆழ்வார்பேட்டை ஆபீசில் அவரைத் தனியாகப் பார்த்தேன். “சார், எனக்குன்னு உங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. இது ஒண்ணு கேக்கறேன். இந்த மசோதாவுக்கு இல்லைன்னு சொல்லுங்க.”

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு சொன்னார், “டெல்லிக்கு வாங்க. மேல உக்காந்து கேளுங்க.”

போனேன். பார்வையாளர் மாடத்தில் என் போனைப் பிடுங்கிவைத்தார்கள். கால்மேல் கால் போடாதே, கம்பியில் சாயாதே என்று காவலர் கையாலேயே சொன்னார். கீழே பார்த்தால் சிவப்புக் கம்பளம், வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டை. எல்லாம் இங்கிலீசும் இந்தியும். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. கடைசியில் சபைத் தலைவர் ஏதோ கேட்க, பாதிச் சபை ‘ஐ’ என்று கத்தியது. இன்னொன்று கேட்டார், அந்தப் பக்கம் ‘நோ’ என்று கத்தினார்கள். தலைவர், “ஐஸ் ஹேவ் இட், ஐஸ் ஹேவ் இட்” என்றார். எனக்கு அதில் புரிந்தது ஐஸ் மட்டும்தான். மீன்காரன் மசோதா, ஐஸ் பேச்சு வருவது நியாயம்தானே என்று நினைத்தேன். ஆதரவு ஜெயித்தது என்பதற்கு அது இங்கிலீஷ் என்று பிறகுதான் எம்.பி. சொன்னார்.

ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒன்று கேட்டேன். ‘நோ’ சத்தம் அடங்குகிற நேரத்தில், ஒரு தொண்டைச் செருமல். கோர்ட்டில் எழுந்திருக்கும்போது அவருக்கு வருமே, அந்தச் செருமல். அதன் பின்னால், தமிழில், தாழ்வாக, “இல்லை.”

கூச்சலில் ஒரு குரலை எப்படிப் பிரித்தாய் என்று கேட்பீர்கள். நாற்பது வருஷமாக என் பிழைப்பே அதுதான். கரையில் கூடையைச் சுற்றி முப்பது பேர் நிற்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஏலம் கேட்பார்கள். என் கண் மீன்மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வஞ்சிரம் எழுந்து நடந்து போய்விடும். யார் கேட்டது, யார் கடைசியாகக் கேட்டது என்பதைக் காதுதான் பிடிக்க வேண்டும். தாழ்வாகக் கேட்டாலும் ஏலக்காரன் காதில் விழுந்தால் அது கேள்விதான், செல்லும். சத்தமாகக் கேட்டவனுக்குத்தான் மீன் என்று எங்கள் கரையில் சட்டம் கிடையாது. அவர் பக்கத்தில் இருந்த கட்சிக்காரர்களுக்கு ஏன் கேட்கவில்லை என்றால், அவர்கள் அப்போதுதான் கத்தி முடித்திருந்தார்கள். கத்தி முடித்த காது கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும். அதுவும் எனக்குக் கரையில் தெரிந்ததுதான்.

வெளியே வந்ததும் கேட்டேன், “ஏன் சார் இவ்ளோ மெதுவா சொன்னீங்க?”

“உங்களுக்குக் கேட்டுதா இல்லையா?”

“கேட்டுது.”

“அப்ப சொல்லியாச்சு.”

அவர் எழுந்து ‘டிவிஷன்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒவ்வொருத்தர் ஓட்டும் பலகையில் விளக்காக எரிந்திருக்கும், பதிவும் ஆகியிருக்கும் என்று அவரேதான் விளக்கினார். “எரிஞ்சிருந்தா நான் வீட்டுக்குப் போயிருப்பேன் ஏலக்காரரே. அடுத்த மசோதாவுக்கு உங்களுக்குன்னு இங்க யார் இருப்பா? இது நமக்குள்ள இருக்கட்டும்.”

அது தைரியமா, பயமா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. சில நாள் படுத்துக்கொண்டு யோசிப்பேன். பயந்தவன் ‘ஐ’ என்று கத்தியிருப்பான், இல்லை வாயை மூடிக்கொண்டிருப்பான். துணிந்தவன் எழுந்து நின்றிருப்பான். இவர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தபடி ஒரு வார்த்தை சொன்னார். மசோதா அவர் சொன்னதால் நிற்கவில்லை, நிறைவேறிவிட்டது. ஆனாலும் சொன்னார். நான் கேட்டேன்.

வாக்குக் கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டேன். குப்பத்தில் விடுவார்களா? ஊர் திரும்பிய மறுநாளே கொட்டகையில் என் சின்னம்மா முறை ஒருத்தி, இறால் உரித்துக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

“இன்னா நைனா, டில்லிக்குப் போயி கரைய ஏலம் வுட்டுட்டு வந்துட்டியாமே? வஞ்சிரம் வெலைக்குப் போச்சா, பொடி மீனு காரப்பொடி வெலைக்குப் போச்சா?”

கொட்டகையே சிரித்தது. நான் பெருமை பேசுகிறவன் என்பது ஊருக்கே தெரியும். என் ஆயுசில் நான் பெருமை பேசாமல் விழுங்கிய ஒரே விஷயம் இதுதான். அடுத்த மீனவர் சங்கத் தேர்தலில் தலைவர் பதவியிலிருந்து என்னை இறக்கினார்கள். எம்.பி.யோட ஆளு என்று ஒதுக்கினார்கள். அவர் செத்தபோது குப்பத்திலிருந்து ஒரு மாலை போகவில்லை. நானும் என் வீட்டுக்காரியும் மட்டும் போனோம். அந்த வீட்டு வாசலில், வீட்டுக்காரி என் காதில் சொன்னாள், “இவ்ளோ பேர் வந்துகீறாங்க, நம்ம ஜனம் ஒண்ணையும் காணோமே.” அன்றைக்கும் நான் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது அவர் இல்லை. பதவி போகும் என்ற பயமும் அவருக்கு இல்லை. அதனால் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நம்பாம இல்லீங்க ஐயா. ஆனா ஆதாரம் வேணுமே” என்றார்.

“ஆதாரம் என் காது. நாளைக்குக் காலையில கரைக்கு வாங்க.”

வந்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நின்றார். நான் கூடைக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றுகொண்டு ஏலத்தை ஆரம்பிக்கச் சொன்னேன். ஒரே கூச்சல். அடங்கியதும் அந்த அம்மாவிடம் வரிசையாகச் சொன்னேன்.

“மொதல்ல கேட்டது வடபழனி ஓட்டல்காரர். அடுத்தது பல்லு போன பெரியவர். மூணாவது ஒருத்தர் இருமினார், வெல கேக்கல, அத சேக்காதீங்க. கடைசியா வந்தது ஆம்பளக் கொரல் மாதிரி இருந்துதே, அது ஆம்பள இல்ல. எங்க சின்னம்மா மூக்கப் புடிச்சிக்கினு பேசுது.”

கொட்டகை கொல்லென்று சிரித்தது. சின்னம்மா மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

“இன்னாத்துக்குடா நைனா இந்தக் கூத்து?”

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். டெல்லி மாடத்தையும், செருமலையும், அந்த ஒரு வார்த்தையையும். சின்னம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“சொல்லியிருந்தா அவரு பதவி பூட்டிருக்கும்.”

“ஒன் பதவி பூடுச்சே.”

நான் கூடைப் பக்கம் திரும்பி அன்றைய ஏலத்தை முடித்து வைத்தேன்.

அந்த அம்மா மணலைத் தட்டிவிட்டுக் கிளம்பும்போது சொன்னார், “உங்க காத நம்பறேன் ஐயா. எதிர்த்தார்னு மாத்திடறேன். ஆனா அட்டவணையில ஆதாரம்னு ஒரு கட்டம் இருக்கு. மத்த எல்லாத்துக்கும் அவைக் குறிப்புப் பக்கம் போட்டிருக்கேன். இதுக்கு, ‘பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்’னு போட்டுடட்டுமா?”

யாரம்மா விரும்பாதவன்? பன்னிரண்டு வருஷம் அந்த எம்.பி. எழுந்ததும் உட்கார்ந்ததும் எல்லாம் குறிப்பில் இருக்கிறது. அவர் செய்ததிலேயே கஷ்டமான காரியம் என் காதில் மட்டும் இருக்கிறது. நான் நாளைக்குக் கண்ணை மூடினால் பேரில்லாத ஆதாரத்தை யாரும் நம்ப மாட்டார்கள், அவர் கரையை விற்றவர் என்றே நிற்கும். அந்த ‘இல்லை’யைச் சொல்லச் சொல்லிக் கேட்டவன் நான். அவர் சொன்னதைக் கேட்டவனும் நான். ஆகவே அந்தக் கட்டத்தில் ‘கேட்டவர்’ என்று போட்டு, பக்கத்தில் என் முழுப் பேரையும், அதற்குக் கீழே ‘ஏலக்காரர்’ என்றும் அச்சடிக்க வேண்டும். அந்தப் புத்தகத்துக்கு நான் கொடுக்கிற இந்தக் கட்டுரையில் என் பேரை நான் எழுதாமல் விட்டதே, முதலில் அந்தக் கட்டத்தில் வரட்டும் என்றுதான்.

வீட்டில் டீ குடிக்கும்போது ஒரு தரம் சொன்னேன். கரையில் அத்தனை ஜனத்துக்கு முன்னால் இரண்டாம் தரம் சொன்னேன். இது மூன்றாம் தரம்.