கிளட்சைச் சரிசெய்ய ஒரு மச்சினன் தேவை

இன்றைக்குக் காலையில் என் காருக்கு அடியில் படுத்திருந்தேன், இடுப்பில் கயிற்றோடு.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்து கப்பலேறிய ஒரு துரை சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போன குட்டிக் கார். தூத்துக்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். (அம்மா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.)

கொஞ்ச நாளாக இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கிளட்ச் நழுவுகிறது.

பெடலை அமுக்கினால் முதலில் ஒரு விரற்கடை தூரமாவது சும்மா போக வேண்டும். என் பெடலில் அந்தத் தளர்ச்சியே இல்லை. அதனால் காலை எடுத்த பிறகும் கிளட்ச் முழுசாகப் பிடிப்பதில்லை. அடியில் இருக்கும் ஒரு நட்டைத் திருகினால் போதும் என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. படத்தில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே திருகுகிறார்.

அவசரம் என்னவென்றால், ஆழ்வார்திருநகரியில் எனக்குப் பெண் பேசியிருக்கிறார்கள். கோயிலில் அவளைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் யாரோ அவள் அப்பாவிடம், "மாப்பிள்ள காரு சத்தந்தான் போடும், ஓடாது" என்று வத்தி வைத்துவிட்டார்கள். இன்றைக்குள் கார் தன் வாசலுக்கு வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லியனுப்பிவிட்டார்.

என்னிடம் ஜாக்கி கிடையாது. காரைக் கடற்கரை மணலுக்குத் தள்ளிப் போய் அடியில் குழி தோண்டச் சொன்னவர் மிக்கேல் அண்ணாச்சி. முத்துக் குளிக்கிறவர். தோண்டியதும் அவர்தான்.

ஸ்பானரோடு இறங்கப் போனேன். தடுத்துவிட்டார்.

"கயிறு கெட்டாம கீழ போவப்பிடாது தம்பி."

"இது காரு அண்ணாச்சி. கடலா?"

"கீழன்னா கீழதான். மணலு சரிஞ்சா என்ன செய்வீரு?"

கட்டிக்கொண்டு மறுநுனியை அவரிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கயிற மச்சினந்தான் பிடிக்கணும். அவனுக்குத்தான் கண்ணு அசராது. கூடப்பொறந்தவ தாலி அவன் கையிலல்லா கெடக்கு."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே."

"அப்ப கீழ போவாதியும்."

கல்யாணம் நடக்கக் கார் ஓட வேண்டும். கார் ஓட நான் கீழே போக வேண்டும். கீழே போக மச்சினன் வேண்டும். மச்சினன் வரக் கல்யாணம் நடக்க வேண்டும். அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது குடையும் கையுமாக ஒருவர் தடுமாறி நடந்து வந்தார்.

"கருப்பட்டிக் கடைக்காரரு நீங்கதான? நான் சுப்பையா, ஆழ்வார்திருநகரி. காரு ஓடுதான்னு அப்பா பாத்துட்டு வரச் சொன்னாவ."

பெண்ணின் தம்பி!

மிக்கேல் அண்ணாச்சி குடையை வாங்கிக்கொண்டு கயிற்றை அவர் கையில் திணித்தார்.

"நாங்க இன்னும் சம்மதம் சொல்லலியே" என்றார் சுப்பையா.

"அத பொறவு சொல்லிக்கிடும். இப்ப பிடியும். கயிறு அசைஞ்சா இழுக்கணும். யோசிக்கப்பிடாது."

நான் கீழே போனேன். அண்ணாச்சி காருக்குள் உட்கார்ந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். நட்டு துருப்பிடித்திருந்தது. ஸ்பானரை ஒரு எத்து எத்தினேன். கயிறு அசைந்தது.

சுப்பையா யோசிக்கவில்லை.

நான் வெளியே வந்துவிட்டேன். வேட்டி வரவில்லை. (உள்ளே டவுசர் போட்டிருந்தேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.)

திரும்பவும் போனேன். தும்மல் வந்தது. திரும்பவும் வெளியே. முதுகெல்லாம் சிராய்ப்பு. வயல் வேலை செய்த கை அது, மாட்டை இழுக்கிற மாதிரி இழுக்கிறது.

"சும்மா தும்முனேன்" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? உள்ள உசிருல்லா இருக்கு" என்றார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகி முடித்தேன். "ஒரு விரக்கடை சும்மா போவுது தம்பி!" என்று மேலிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

காரைக் குழியிலிருந்து எல்லாருமாகத் தள்ளி ரோட்டில் ஏற்றினோம். மிச்சம் பிடித்து வைத்திருந்த ரேஷன் கூப்பன் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பினேன். ஓடியது. நழுவவே இல்லை.

பின்சீட்டில் சுப்பையா. சம்மதமா இல்லையா என்று கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் என் இடுப்பில் கயிறு இறுகியது.

ஆழ்வார்திருநகரியில் அவர்கள் வீட்டு வாசல். பெண்ணின் அப்பா வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏலே, காரு எப்படிலே ஓடுது?"

"காரு கெடக்கட்டும்ப்பா. மச்சான மெதுவா எறங்கச் சொல்லுங்க. கயிறு எங் கையிலல்லா இருக்கு."

அவர் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இலை போடச் சொல்லு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

சாப்பிட்டு முடித்து இதை எழுதுகிறேன். சுப்பையா பக்கத்தில்தான் இருக்கிறார், கயிற்றோடு. அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் மச்சினன்மார் எல்லாம் எப்படி?