மல்சுன்னின் ரத்தப் பரிசோதனை

யாங் மல்சுன்னுக்கு, கடைசி என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்ததே, இதோடு பெண் பிறந்தது போதும் என்றுதான். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். "என் பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டே சாமி கேக்கல, நான் சொல்லி யாரு கேக்கப் போறா" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அவள் வாயைத் திறந்தால் சோல்குமி என்ற அந்தக் கடலோர ஊரில் கேட்காமல் போனவர்கள் கிடையாது.

பிறந்தது ஜெஜு தீவில். பத்தொன்பது வயதில், கடலில் மூழ்கிச் சிப்பியெடுக்கும் வேலைக்கு ஒரு பருவம் மட்டும் என்று தென்கிழக்குக் கரையிலிருக்கும் சோல்குமிக்கு வந்தாள். பே சாங்தோக் என்ற மீன்பிடிக்காரனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். நாற்பது வயதுக்குள் சோல்குமியில் முக்குளிக்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. மூச்சு நீளம் என்பதற்காக அல்ல. பங்கு பிரிக்கும்போது வேண்டியவளுக்கும் வேண்டாதவளுக்கும் ஒரே அளவு வைப்பாள், திட்டும்போதும் அப்படித்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் உலோகம் உருக்கும் ஆலைகள் வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. சாங்தோக் படகை விற்றுவிட்டுத் துத்தநாக ஆலையின் வாசலில் காவல்காரனாகச் சேர்ந்தான். சீருடையைப் போட்டுக்கொண்டு முதல்நாள் வீட்டு வாசலில் நின்றதை மல்சுன் மறக்கவில்லை. பிறகுதான் கடல் மாறத் தொடங்கியது. சிப்பியைத் திறந்தால் சதை வற்றி, பச்சை படிந்திருந்தது. பாசி கையோடு பிய்ந்து வந்தது. அதற்கப்புறம் உடம்பு. முதலில் மணிக்கட்டு, பிறகு இடுப்பு. கூட முக்குளிப்பவளும் எந்தக் கல்யாணத்திலும் முதல் ஆளாக ஆடுபவளுமான ஓ கும்ஜாவால் கையைத் தூக்கித் தலைமுடியைக் கட்ட முடியவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் வயதாகிவிட்டது என்றார்கள். கும்ஜாவுக்கு அப்போது முப்பத்து நாலு.

ஒரு வசந்த காலத்தில் அரசாங்க வேன் ஒன்று வந்தது. கடல் மண்ணையும் சிப்பியையும் அள்ளிக்கொண்டார்கள். பெண்களை வரிசையில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தார்கள். எடுத்தவள் பியோ ஜொங்கிம் என்ற ஆய்வகப் பெண். கும்ஜாவின் நரம்பைத் தேடித் தேடி அவளுக்கே வியர்த்துவிட்டது. "நிதானமாத் தேடு தாயி, உள்ளதான் எங்கயாச்சும் இருக்கும்" என்று கும்ஜா கேலி செய்தாள். வேலை முடிந்ததும் கடல் அட்டையை நறுக்கி, மிளகாய் விழுதில் தொட்டு அவள் வாயிலேயே ஊட்டிவிட்டார்கள். முடிவு கோடைக்குள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோடை போனது. இலையுதிர் காலமும் போனது. மல்சுன் மாவட்ட அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்த குமாஸ்தா கோப்பைத் திறந்து பார்த்தான், மூடினான், அது ரகசிய ஆவணம் என்றான்.

"எது ரகசியம்?"

"பரிசோதனை முடிவு."

"என் கையில குத்தி எடுத்த ரத்தம் சார் அது. என் ரத்தம் எனக்கே ரகசியமா?"

நாட்டின் நலன், ஏற்றுமதி என்று ஏதேதோ சொன்னான். கடைசியில், இது வெளியே போனால் வடக்கே இருக்கிற எதிரி பயன்படுத்திக்கொள்வான் என்றான்.

"என் ரத்தத்த வெச்சுக்கிட்டு அவன் என்ன சார் பண்ணப் போறான்?" என்று கேட்டாள் மல்சுன். வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார், சிரித்த பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். ராணுவத்திலிருந்து வந்தவர் ஜனாதிபதியாக இருந்த காலம். சிரிப்பதற்கும் அக்கம்பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

பூசான் நகரத்திலிருந்து ஒரு செய்தியாளர் வந்து போட்டோ எடுத்துப்போனார். சொன்ன தேதியில் பத்திரிகை வாங்கிப் பார்த்தால், செய்தி வரவேண்டிய பக்கத்தில் பெரிதாக ஒரு சோப்பு விளம்பரம். அவர் ஊர்க் கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, "மன்னிச்சுக்குங்கக்கா, ஒரு ஃபோன் வந்துச்சு" என்றார். எங்கிருந்து என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலை பெரிதாக இருந்ததால் யாரும் கடலில் இறங்கவில்லை. கரையில் கல்லடுக்கிக் கட்டிய வட்டத்துக்குள் தீமூட்டி, பெண்கள் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். தலையைச் சுற்றித் துணி கட்டிய ஒருத்தி காற்றில் தடுமாறி வந்து நின்றாள். ஜொங்கிம் என்று கண்டுபிடிக்கவே சற்று நேரமாயிற்று. தீப்பக்கம் உட்கார்ந்தாள். ஸ்வெட்டருக்குள் கைவிட்டு மடித்த தாள்களை எடுத்து மல்சுன்னின் மடியில் வைத்தாள்.

"நான்தான் ரத்தம் எடுத்தேன், நான்தான் முடிவ டைப் பண்ணுனேன்" என்றாள். "டைப் பண்றப்ப ஒவ்வொரு பேருக்கும் உங்க முகம் வருது. வெச்சுக்குங்கக்கா. வர்றது வரட்டும்."

மல்சுன் படித்தாள். முக்குளிக்கும் பெண்கள் பத்துப் பேரில் ஏழு பேரின் ரத்தத்தில் காட்மியம் என்ற உலோகம் இருக்கக்கூடாத அளவுக்கு இருக்கிறது. சிப்பி சாப்பிடத் தகுந்ததல்ல. ஊரை வேறிடத்துக்கு மாற்றுவது நல்லது. இவ்வளவும் எழுதியிருந்த அறிக்கையின் கடைசித் தாளில், மக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இதைத் தெரிவிக்கக் கூடாது என்று ஒரு வரி. அதைப் படித்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை. காது மடலெல்லாம் சூடேறியது. அப்படியானால் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நேற்றுவரை நம்மைக் கடலில் இறங்க விட்டிருக்கிறார்கள்.

தாள்களை வைத்துக்கொள்ள அவள் ஒப்பவில்லை. கோப்பு காணாமல் போனால் முதலில் ஜொங்கிம்மின் கதவைத்தான் தட்டுவார்கள். பார்த்து எழுதிக்கொள்ளலாமா என்றாள் ஒருத்தி. எழுதினால் கையெழுத்து காட்டிக்கொடுக்கும். எந்த வீட்டில் தாள் அகப்பட்டாலும் அந்த வீட்டுக்காரி வடக்கின் உளவாளி ஆகிவிடுவாள்.

தீயைக் கிளறிவிட்டு மல்சுன் சொன்னாள்: "கடலுக்கு அடியில எந்தப் பாறையில என்ன இருக்குன்னு நாம எழுதியா வெச்சிருக்கோம்?"

அப்புறம் யாரும் தயங்கவில்லை. மனப்பாடம் செய்ய ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஜொங்கிம் வாசிக்க வாசிக்க, திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கும்ஜாவின் வாயில் மட்டும் காட்மியம் நுழைய மறுத்தது. கடைசியில் பிடிபட்டதும், "இவ்வளவு நாளா உடம்புக்குள்ள குடியிருந்திருக்கான், பேரக்கூடச் சொல்லல பாரு" என்றாள். ஜொங்கிம் சிரித்தாள், சிரிப்பு நடுவிலேயே அழுகையானது. கடைசித் தாளை மனப்பாடம் செய்வதை மல்சுன் தன் பங்காக எடுத்துக்கொண்டாள். மாலைப் பேருந்தில் ஜொங்கிம் திரும்பிப் போனபோது தாள்கள் அவள் ஸ்வெட்டருக்குள்ளேயே இருந்தன. மறுநாள் காலை அவை அதே கோப்புக்குள் போய்விட்டன.

அடுத்த சந்தை நாளில் சோல்குமிப் பெண்கள் வழக்கமான இடத்தில் காலி அண்டாக்களை முன்னால் வைத்து உட்கார்ந்தார்கள். சிப்பி வாங்க வந்தவர்கள், என்ன அண்டா காலியாக இருக்கிறது என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார்கள். ஒருத்தி முடித்த இடத்தில் பக்கத்திலிருந்தவள் தொடங்கினாள். சந்தையை ஒட்டியிருந்த மாதாகோயிலுக்கு வந்த மாணவர்கள் கேட்டுக்கொண்டு போய்த் துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். பூசானில் அந்தக் கரையின் சிப்பி விலைபோகவில்லை.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் சா என்பவர் தலைமையில் வீடு வீடாகப் புகுந்து, தரைவிரிப்பாக ஒட்டியிருந்த எண்ணெய்க் காகிதத்தைக்கூடக் கிழித்துப் பார்த்தார்கள். கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகளுக்குள் கையைவிட்டுத் துழாவினார்கள்.

"நல்லா அடிவரைக்கும் துழாவுங்க சார், அடியில கெடக்குறதுதான் நல்லாப் புளிச்சிருக்கும்" என்றாள் கும்ஜா. ஒரு துண்டுக் காகிதமும் அகப்படவில்லை.

அந்த வாரம் சாங்தோக் பகலிலேயே வீடு திரும்பினான். உடம்பில் சீருடை இல்லை. மல்சுன்னுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. என்ன சொல்லப்போகிறானோ என்று அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"மேனேஜர் கூப்பிட்டாரு, சூயோன் அம்மா" என்றான். மகள் பெயரை வைத்துத்தான் அவளைக் கூப்பிடுவான். "பொண்டாட்டி வாய மூடி வைன்னாரு. இருபது வருஷமா நான் முயற்சி பண்றேன், முடியல, நீங்க வேணா வந்து பாருங்கன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தொப்பிய வாங்கிக்கிட்டாங்க. சோறு போடு."

மல்சுன் சோறு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. கல்யாணமான புதிதில்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

மறு சந்தையில் அவளைக் கைது செய்தார்கள். வதந்தி பரப்பினாள் என்பது குற்றம். சின்னச் சின்ன வழக்குகளை மளமளவென்று முடித்துத் தள்ளும் நீதிமன்றம் அது. குடித்துவிட்டுச் சண்டை போட்டவனுக்கும் சாலையில் கடை போட்டவளுக்கும் நடுவில் அவளை நிறுத்தினார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பொய்யைப் பரப்பினாயா என்று கேட்டார்.

"பொய்னா உண்மை எதுன்னு காட்டச் சொல்லுங்கய்யா" என்றாள் மல்சுன். "அரசாங்கத்துக்கிட்ட அறிக்கை இருக்கு. அத எடுத்துட்டு வந்து இங்க படிக்கட்டும். நான் சொன்னதுக்கு மாறா இருந்தா நானே ஜெயிலுக்கு நடந்து போறேன்."

போலீஸ்காரர், அந்த அறிக்கை ரகசியம், நீதிமன்றத்தில் காட்ட முடியாது என்றார்.

"அப்ப நான் சொன்னது பொய்யின்னு எத வெச்சு முடிவு பண்ணீங்க?"

குடித்துவிட்டுச் சண்டை போட்டவன்கூட நிமிர்ந்து பார்த்தான். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொது அமைதியைக் கெடுத்ததற்காக என்று குற்றத்தின் பெயரை மாற்றிச் சில வாரங்கள் காவல் என்றார். முகத்தை நிமிர்த்தி அவளைப் பார்க்கவில்லை. குரல் ஆடாமல் இருந்ததே போதும் என்று வெளியே வரும்போது மல்சுன் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சந்தையில் அவள் இடத்தில் கும்ஜா காலி அண்டாவோடு உட்கார்ந்தாள். அவளையும் பிடித்தார்கள். அதற்கடுத்த சந்தையில் இன்னொருத்தி. டவுன் ஸ்டேஷன் கொட்டடி சோல்குமிப் பெண்களால் நிரம்பியது. திருடிகளுக்கு இடமில்லை என்று காவலாளிகள் முணுமுணுத்தார்கள். இன்ஸ்பெக்டர் சா ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக அழைத்து, யார் கொடுத்த தகவல் என்று கேட்டார். மேசையைத் தட்டினார், இரண்டு பேரைத் தூங்கவிடாமல் நிற்கவைத்தார். இடுப்பு வலி தாங்காமல் கும்ஜா சுவரில் சாய்ந்து அழுதாள். அழுதாளே தவிர, சொன்னது ஒன்றைத்தான்: கடல் அரசன் கனவில் வந்து சொன்னார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கடலில் இறங்கும் முன்னால் அவரைத்தானே கும்பிடுகிறோம், வேறு யார் சொல்லப்போகிறார்கள் என்றார்கள். சா வேறு வழியில்லாமல் வாக்குமூலத்தில் அப்படியே எழுதி மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் அவரைத் திட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

"ஏம்மா, என் வேலைக்கு உலை வைக்கிறீங்களே" என்றார் அவர் ஒருநாள் மல்சுன்னிடம்.

"எங்க வீட்டுக்காரருக்குப் போயிருச்சு, உங்களுக்கும் போனா சேர்ந்து படகு வாங்குங்க" என்றாள் அவள்.

அதற்கடுத்த கோடையில் அந்த ஜனாதிபதியின் ஆட்சிக்கு எதிராக நாடே தெருவுக்கு வந்தது. மாணவர்கள், டாக்சிக்காரர்கள், டை கட்டிய அலுவலகக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். அரசாங்கம் இறங்கிவந்தது. செய்தி போடாதே என்று பத்திரிகைகளுக்கு வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்புகள் ஓய்ந்தன. பூசான் செய்தியாளர் எடுத்துவைத்திருந்த பழைய போட்டோவோடு சோல்குமிச் செய்தி அரைப்பக்கம் வந்தது. அவர் தானே ஒரு கட்டுப் பிரதி தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தார்.

முடிவுகளை மூடிய உறையில் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று மாவட்ட அலுவலகம் சொன்னது. அவரவர் ரத்தம் அவரவர் கையில், ஆனால் அறிக்கை முழுவதும் அலுவலக வாசல் பலகையில், கடைசித் தாளோடு சேர்த்து, என்றாள் மல்சுன். அதற்கும் கொஞ்சம் இழுத்தடித்தார்கள். பெண்கள் காலி அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்ததும் சரி என்றார்கள். ஒட்டிய அன்று விசேஷத்துக்கு உடுத்தும் பட்டுடுப்பில் பேருந்து பிடித்துப் போனார்கள். பசை தடவி ஒட்டியது அதே ஜன்னல் குமாஸ்தாதான். கும்ஜா தன் பங்கு வரியை விரலால் தொட்டு, எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் சந்தைக்கே கேட்கும்படி வாசித்தாள்.

கடல் திரும்பவில்லை. ஊரை ஆலைகளிலிருந்து தள்ளி வேறிடத்துக்கு மாற்றினார்கள். நஷ்டஈடு என்று கொஞ்சம் வந்தது. கும்ஜா ஐம்பது வயதிலேயே ஊன்றுகோலோடு நடந்தாள், ஆனாலும் கல்யாண வீடுகளில் உட்கார்ந்த இடத்திலிருந்தே தோளை ஆட்டினாள். சாங்தோக் மறுபடி படகு வாங்கினான். மல்சுன் வடக்கே சுத்தமான ஒரு கரையில் இன்னும் பல வருடம் மூழ்கினாள்.

அவளுடைய அறுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. ஜொங்கிம்மும் வந்திருந்தாள். ஆய்வக வேலையை எப்போதோ விட்டுவிட்டு, டவுனில் மருந்துக்கடை நடத்திக்கொண்டிருந்தாள். அறிக்கை யார் மூலம் வெளியே வந்தது என்று அன்றுவரை அந்தப் பெண்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளே எழுந்து, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அன்று ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொண்டுவந்ததைச் சொன்னாள். பிள்ளைகள் தங்கள் அம்மாக்களைத் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு வருடம் வீட்டில்கூடச் சொல்லவில்லையே என்று சூயோன் கேட்டாள்.

"போலீஸுக்கே சொல்லல, உனக்குச் சொல்லுவேனா" என்றாள் மல்சுன்.

கொட்டடியில் இருந்ததையோ நீதிபதியிடம் பேசியதையோ அவள் பெரிதாகப் பேசியதில்லை. அன்று கொஞ்சம் சோஜு உள்ளே போயிருந்ததால், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த தன் கூட்டத்தை ஒவ்வொருத்தியாகக் கைகாட்டி மகளிடம் சொன்னாள்: "நல்லாப் பாத்துக்க. இத்தனை பேரு. பக்கத்து வீட்டுச் சண்டையக்கூட வயித்துக்குள்ள வெச்சுக்கத் தெரியாத சிறுக்கிங்க. ஒருத்தி வாயிலருந்தும் அந்தப் பொண்ணு பேரு வரல."

கும்ஜா ஊன்றுகோலால் தரையைத் தட்டி, யாரைச் சிறுக்கி என்கிறாய் என்று சண்டைக்கு வந்தாள். ஜொங்கிம் கடல் அட்டையை மிளகாய் விழுதில் தொட்டு, கும்ஜாவின் தட்டில் எடுத்துவைத்தாள்.