துவைக்கும் கல்லின் மறுபக்கம்

எதற்கும் தேதி குறித்துவைப்பது என் வழக்கம். கல் புரண்ட நாளுக்கு மட்டும் தேதி இல்லை. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கிறிஸ்துமஸ் லீவு விட்ட மறுநாள், சனிக்கிழமை. லிங்கராஜபுரத்தில் பனி விலகவில்லை. இவ்வளவுதான் கிடைக்கிறது.

குழாய் பதிக்க வந்த இரண்டு ஆட்கள், எங்கள் வீட்டுப் பின்புறம் கிடந்த துவைக்கும் கல்லைக் கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். அடியில் ஏதோ செதுக்கியிருந்தது. செதுக்கல் தெளிவாகத் தெரிய, சித்தப்பா ஓடிப்போய் மைதா மாவை அள்ளிவந்து தடவினார். மேகத்துக்குள்ளிருந்து வருவதுபோல முதலில் வாளேந்திய ஒருவன் வந்தான். பிறகு அவன் பக்கத்தில் ஒரு பெண். உயர்த்திய கையில் வளையல்கள், விரலிடுக்கில் எலுமிச்சம்பழம். வகுப்பில் பதில் தெரிந்தவர்கள் அப்படித்தான் கை தூக்குவார்கள். அவள் பேசப்போகிறாள் என்று வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாஸ்திக்கல்லு!" சித்தப்பா கத்தினார். "சண்டையில புருஷன் செத்ததும் கூடவே நெருப்புல இறங்குனவ. நாளைக்கே வாசல்ல நிக்கவச்சுப் பூஜை பண்ணணும்."

மத்தியானத்துக்குள் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மஞ்சள் குங்குமத்தோடு வந்தார். வழிந்த மாவைத் துடைக்க அத்தை குனிந்தாள். மாமா இறந்து இரண்டு வருடமாக அவள் எங்களோடுதான் இருந்தாள். வீட்டுத் துணியெல்லாம் அந்தக் கல்லில் துவைத்ததும் அவள்தான்.

"நீ தொடவேணாம்மா," என்றார் ஆன்ட்டி, மெதுவாகத்தான். "சுமங்கலிங்கதான் தொடணும்."

அத்தை நிமிர்ந்தாள். "ரெண்டு வருஷமா இவ முதுகுலதானே ஆன்ட்டி அடிச்சேன்? ஒண்ணும் சொல்லலயே."

"அக்கா, சும்மா இரு," என்றார் சித்தப்பா.

"வாசல்ல வச்சிட்டா நான் எந்த வழியாடா உள்ள வர்றது?"

சித்தப்பா கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் பின்புறம் பட் பட்டென்று சத்தம். கல் குப்புறக் கிடந்தது. அத்தை அதன்மேல் சித்தப்பாவின் சட்டையை அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்ணிட்ட! சரித்திரம்க்கா அது!"

"உன் சரித்திரத்துக்கு ஒண்ணும் ஆகல. கீழ பத்திரமா இருக்கா. உனக்குச் சட்டை வேணுமா, வேணாமா?"

சித்தப்பா சட்டையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

அத்தைக்கு மந்திரம் தெரியும், தனியாளாகக் கல்லைப் புரட்டிவிட்டாள் என்று லீவு முடிந்ததும் வகுப்பு முழுக்கச் சொன்னேன். கல் குப்புறக் கிடந்த அன்று காலை அம்மா அடுப்படியில் இடதுகையால் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது, சேலை விளிம்பில் பின்புறத்து மண். தோசை ஏன் கோணலாக இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.