கீபோர்டை மூடிவைக்கும் வெள்ளிக்கிழமை

போன வருடம் என் தொண்டையில் ஒரு கட்டி எடுத்தார்கள். பேச்சு திரும்பிவிட்டது, பாட்டு திரும்பவில்லை. சாத்தாங்காடு இரும்புக் கடையில் லாரிக்காரர்களிடம் கத்துவதற்கு இந்தக் குரல் போதும். திருவொற்றியூரில் எங்கள் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் டெனர் என்கிற ஆண்களின் மேல்குரல் பாடத்தான் போதாது. கொஞ்சம் மேலே ஏறினால் வெறும் காற்றுதான் வரும்.

விலகியிருக்கலாம். விலகினால் நான் யார்? கடையில் எடை போடும் ஆள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் நிற்பதால்தான் தெருவில் நாலு பேர் ‘பாட்டுக்காரர்’ என்கிறார்கள். அந்தப் பெயரை விட மனசு வரவில்லை. அதனால் வாயை மட்டும் அசைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்பு வரும் அட்வெந்து ஆரம்பத்திலிருந்தே இந்தக் கூத்து. கிறிஸ்துமஸ் பஜனைக்கு வீடு வீடாகப் போய் வாயசைத்தேன். கேக்கை மட்டும் நிஜமாகவே தின்றேன். புது வருட ஆராதனையிலும் அதே கதை. லெந்து தவநாட்களில் வேதாகமச் சங்கீதங்களைக் குழுவின் இரண்டு பக்கமும் வசனம் வசனமாக மாற்றிப் பாடும்போது, எங்கள் முறை வந்ததும் பக்தி முற்றியவன் மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று உள்ளூர ஒரு பெருமை வேறு.

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் கீபோர்டு கிடையாது. கறுப்புத் துணி போட்டு மூடிவிடுவார்கள். மூன்று மணி நேரமும் வெறும் குரல்தான். ஆனால் ஒத்திகை மட்டும் கீபோர்டோடு நடக்கும், சுருதி பிடிபட வேண்டுமே. இயேசு சிலுவையில் சொன்ன நாலாவது வார்த்தையான ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்பதற்கு ஒரு சங்கீதம் வைத்திருந்தார்கள். அதை டெனர்தான் தொடங்க வேண்டும். டெனரில் நாங்கள் இரண்டே பேர். மற்றவருக்குத் துறைமுகத்தில் வேலை. அன்றைக்குப் பார்த்து ஷிப்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

குழுவை நடத்தும் மாஸ்டர் கையைத் தூக்கினார். பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தூக்கினார். இந்த முறை உண்மையாகவே பாட முயன்றேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். ஃபேன் சுற்றுவது கேட்டது. கும்மிடிப்பூண்டி ரயில் போவது கேட்டது. கடைசியில் மாஸ்டரே தன் அடிக்குரலில் தொடங்கி எங்களைக் கரையேற்றினார். மூன்றாவது பெஞ்சில் இருந்த என் மனைவி அதற்குப் பிறகு தலை நிமிரவே இல்லை. எனக்கு அங்கிக்குள் உடம்பு கூசிப்போயிற்று.

ஆராதனை முடிந்து கஞ்சி ஊற்றும் இடத்தில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த எடத்துல அப்டியே நிறுத்துனீங்களே, மனச இன்னாவோ பண்ணிச்சுப்பா. அழுகையே வந்துட்சி.”

வேண்டுமென்றே நிறுத்தினோம் என்று நினைத்துவிட்டார். இல்லையென்று சொல்லத் துணிவில்லை. “ஸ்தோத்திரம்மா” என்றேன்.

அவர் நகர்ந்ததும் கீபோர்டு வாசிக்கும் பெண் வந்தாள். என் மகள் வயசு.

“அங்கிள், சாரி. அட்வெந்துலேர்ந்து ஒங்க லைன நான்தான் கீபோர்டுல சேத்து வாசிச்சிகினு கீறேன். ஒங்களாண்ட கேக்க வேணாம், மனசு கஷ்டப்படுவாருன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. இன்னிக்குக் கீபோர்டு இல்லன்றது எனக்குத் தோணவே இல்ல. எம்மேலதான் தப்பு.”

ஆக, குழுவில் எல்லோருக்கும் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு நடித்ததையெல்லாம் பார்த்துக்கொண்டே பாடியிருக்கிறார்கள். இப்போது இந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். காது மடல் எரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஈஸ்டருக்குக் கீபோர்டு கீது அங்கிள், பேஜாராவாதீங்க. கண்டிப்பா வந்துடுங்க” என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், கஞ்சியைப் பார்த்துக்கொண்டே சரியென்று தலையாட்டினேன். ஞாயிறு விடியற்காலை அங்கியை மாட்டிக்கொண்டு டெனர் வரிசையில் போய் நின்றும்விட்டேன்.